கீழ்க்காட்டு விளக்கு

"அந்தப் பொம்பளையோட விளக்கு இந்தப் பிளேட்டையும் கெடுத்துடுச்சு," என்றார் மாதேஸ்வரன். படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். வேற்று வெளிச்சம் பட்டு முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

பால் கொண்டுவந்த கருப்பண்ணன் எட்டிப் பார்த்தான். "இதுல என்னங்க தெரியணும்?"

"மூணு விண்மீன் மண்டலம். சிம்ம ராசிப் பக்கம் ஒண்ணாக் கூடிக் கெடக்கு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சுத்தி ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாம ரெண்டு மணி நேரம் பிளேட்டைத் திறந்து வெச்சா, கொஞ்சங்கொஞ்சமாப் பதியும்."

துறையூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் அவர். தானே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கியை, புளியஞ்சோலையிலிருந்து தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்கு வந்திருந்தார். முன்பெல்லாம் படம் எடுக்கும்போது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அவள் போனபின், நட்சத்திரம் நகர நகரத் திருகாணியைத் திருப்பிக்கொண்டு இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதுதான் வாழ்க்கை என்றாகிவிட்டது.

அதற்கும் இந்த விளக்கு விடவில்லை. கீழ்க்காட்டில் அத்தாயி வாசல் கம்பத்தில் மாட்டும் அரிக்கேன், தொலைநோக்கியின் திறந்த சட்டங்களுக்குள் நேராகப் புகுந்தது. மேகம் மூடி அவர் உள்ளேயே படுத்துக்கொண்ட நாட்களில் அது எரிவதில்லை. வானம் தெளிந்தால் மட்டும் எரிந்து தொலைக்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

"நீ போய் அணைக்கச் சொல்லேன்."

"அது மட்டும் என்னால ஆகாதுங்க. அவ புருசன் ஏற்காட்டுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், வருசக்கணக்கா வரலீங்க. அவனுக்காக வெளக்கு வெச்சுக்கிட்டிருந்தா. நடுவுல விட்டுட்டா, இப்ப மறுபடி வெக்கிறா. ஏதோ சேதி வந்திருக்குமாட்ட இருக்குதுங்க."

மாதேஸ்வரனுக்கு மனசு சங்கடப்பட்டது. ஆளுக்காகக் காத்திருப்பவளிடம் போய் விளக்கை அணை என்று எப்படிச் சொல்வது? ஆனால் மிச்சமிருந்தது ஒரே பிளேட். நாளையிலிருந்து நிலா தலைகாட்டிவிடும், அப்புறம் கோடை மழை.

பொழுது சாயும் நேரத்தில் இறங்கிப் போனார்.

அத்தாயி வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அரிக்கேன், கண்ணாடி துடைத்துத் தயாராக இருந்தது.

"ஏம்மா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனக்காதே. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் இந்த விளக்கு வேண்டாம். உன் வீட்டுக்காரர் இன்னிக்கே வந்தார்னாலும் நான் டார்ச்சோட எதிர்ல போய்க் கூட்டிட்டு வாரேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவுங்க அங்கயே வேற குடும்பம் ஆயிட்டாங்க. இனி வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க."

"பின்னே யாருக்கும்மா விளக்கு?"

இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல் அவரை நிமிர்ந்து பார்த்தாள் அத்தாயி.

"நீங்க ஒத்தையில இருட்டுக்குள்ள உக்காந்திருக்கீங்களேன்னுதானுங்க."