ஆபரேட்டர்கள் மட்டும்

புனே எரவாடா அமல்ராஜ் தியேட்டர் ஆபரேட்டர் சங்கத் தலைவராகி ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் நடையே மாறிவிட்டது. மல்டிபிளெக்ஸில் படம் ஓட்டும் ஆபரேட்டர்களைச் சேர்த்துக்கொண்டு, வார லீவு கேட்டு, எதிரே டீக்கடையில் வேலைநிறுத்தமும் தொடங்கிவிட்டார்.

பாதி டீயில்தான் அவருக்கு உறைத்தது. "அடச்சே! நேத்தே இன்னைக்கு ஷோ எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேனே. யாரும் தொடாமலே படம் ஓடுமே!"

"அரே தலைவரே, நல்லா இருக்கு உங்க ஸ்ட்ரைக்!" என்றார் சக ஆபரேட்டர் கிட்டு.

அமல்ராஜ் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஆளில்லாமலே படம் ஓடினால் லீவு என்ன, வேலையே போய்விடும்.

காட்சி நேரம் வந்தது. உள்ளே ஒரே கூச்சல். மேனேஜர் கோகுல்நாத் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"எல்லா ஸ்கிரீனும் இருட்டுங்க! லீவு குடுத்தர்றேன், வந்து படத்தைப் போடுங்க!"

தலைவரைத் தோளில் தூக்கினார்கள். எப்படி நின்றது என்று தலைவருக்கும் தெரியாது. அதையா வெளியே சொல்வார்?

கேபின் கதவைத் திறந்தால், மெயின் ஸ்விட்சை மறைத்து நின்றிருந்தாள் ஆரோக்கியமேரி. அவர் மனைவிதான். அதே தியேட்டரில் கூட்டித் துடைப்பவள்.

"மேரி, நீயா?"

"பின்ன, நீங்களா நிறுத்துனீங்க? 'ஆபரேட்டர் மட்டும்தான் சங்கத்துல சேரலாம், கூட்டுறவங்களுக்கு எடமில்ல'ன்னு எங்களைத் திருப்பி அனுப்புனீங்கல்ல? எங்களுக்கும் லீவு வாங்குங்க. அதுவரைக்கும் இங்கேர்ந்து நகரமாட்டேன்."

வெளியே கோகுல்நாத் கதவைத் தட்டினார். "என்னங்க, போட்டாச்சா?"

அமல்ராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஸ்ட்ரைக் இன்னும் முடியல சார்."