மீதிக் கட்டணம்

“வேணாம் மேடம். நீங்க கேட்டதே போதும். இந்த உதவி எங்களுக்கு வேணாம்.”

பேசுவது அப்பாதானா என்று ஹர்ஷினிக்குச் சந்தேகமே வந்துவிட்டது. யார் காலில் விழுந்தாவது உன்னை அனுப்பி வைக்கிறேன் என்று நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், பத்மா மேடம் வாசலில் வந்து நின்ற நிமிடத்திலிருந்து வேறு ஆளாகியிருந்தார். உட்காரவும் இல்லை. பீரோவில் சாய்ந்துகொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் மூன்று குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட ஒரு ஃப்ளாட்டில் அவர்களுடையது ஓர் அறை. இருந்த ஒரே நாற்காலியில் மேடம் உட்கார்ந்திருந்தார். ஹர்ஷினியும் அம்மா ஜெயமணியும் கட்டிலில்.

பத்மா மேடம் ஷார்ஜா பள்ளியில் அவளுக்கு ஆங்கில ஆசிரியை. அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் இப்படி ஒரு கல்லூரி இருக்கிறது, எஞ்சினியரிங்கா மருத்துவமா என்று முதல் நாளே முடிவு செய்ய வேண்டாம், சரித்திரம், தத்துவம், கணக்கு எல்லாம் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சொன்னதே அவர்தான். விண்ணப்பக் கட்டுரையைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தார். நேர்காணலுக்குப் பள்ளி நூலகத்தில் உட்கார வைத்துப் பழக்கினார். வேறு எந்தப் பிள்ளைக்கும் அவர் அவ்வளவு மெனக்கெட்டதில்லை என்று மற்ற ஆசிரியைகள் பேசிக்கொண்டார்கள்.

குதிரைக் கொம்பு என்று எல்லோரும் சொன்ன இடம் கிடைத்தும் விட்டது. கட்டணத்தில் முக்கால் பங்கைக் கல்லூரியே ஏற்றுக்கொண்டது. மீதிக் கால் பங்குதான் மலையாக நின்றது. குடோனில் பெட்டி அடுக்கும் அப்பா பன்னீர்செல்வத்தின் சம்பளத்துக்கு அது எட்டாத உயரம். முதலாளியிடம் கேட்டார். ஊரில் இருந்த துண்டு நிலத்துக்கு ஆள் பார்க்கச் சொன்னார். எதுவும் கூடி வரவில்லை. திங்கட்கிழமைக்குள் கல்லூரிக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

இந்த நிலையில்தான் இன்று மதியம் மேடம் வழி கேட்டுக்கொண்டு முதல் முறையாக வீட்டுக்கு வந்தார். பள்ளிக் கூட்டங்களுக்கெல்லாம் ஜெயமணிதான் போவாள். அப்பாவுக்கு எப்போதும் டியூட்டி.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. நாலு வருஷத்துக்கும் மீதியைத் தானும் தன் கணவரும் கட்டுவதாகவும், திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னார். ஜெயமணி கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குள்தான் அப்பா குறுக்கிட்டு, வேண்டாம் என்றார்.

“என்னங்க இது, தேடி வந்து செய்யறேங்கறாங்க...” என்று ஜெயமணி தொடங்கினாள்.

“நீ சும்மா இரு ஜெயமணி.”

திருச்சியில் ஏதாவது ஒரு கல்லூரியில் பி.காம். சேர்த்துவிடுவதாகவும், அதற்குத் தன் சம்பளம் போதும் என்றும் அவர் முனகினார். அதையும் தரையைப் பார்த்தேதான் சொன்னார்.

ஹர்ஷினி கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். அப்பாவிடம் குரல் உயர்த்தி அவள் பேசியதே இல்லை.

“உங்களுக்கு உங்க ரோஷம்தான் பெருசுப்பா. நான் என்ன ஆனாலும் பரவால்ல. லாரி ஓட்டினப்ப எவ்ளோ நல்ல சம்பளம். அதையும் இப்படித்தான் ஒரு காரணமும் சொல்லாம விட்டீங்க. அந்த வேலை இருந்திருந்தா இன்னிக்கு யார்கிட்டயும் கை நீட்ட வேண்டியதில்ல.”

அடி விழுந்ததுபோல் அவர் தோள் ஒருமுறை ஒடுங்கியது. அடுத்த அறையில் யாரோ வைத்திருந்த குக்கர் விசிலடித்தது.

“அப்பாவை அப்படிப் பேசாதே,” என்றார் மேடம். அந்தக் குரலில் இருந்த கண்டிப்பை வகுப்பில்கூட அவள் கேட்டதில்லை.

மேடம் எழுந்து பன்னீர்செல்வத்தின் எதிரில் போய் நின்றார்.

“இவ என் கிளாஸுக்கு வந்த அன்னிக்கு அட்டெண்டன்ஸ்ல ஹர்ஷினி பன்னீர்செல்வம்னு கூப்பிட்டேன். எழுந்து நின்னா. உங்க ஜாடை அப்படியே இருந்தது. ஒரு வாரம் இவ முகத்தைப் பார்த்து என்னால பாடம் நடத்த முடியல.” திரும்பி ஹர்ஷினியைப் பார்த்தார். “அப்புறம் இவ எழுதினதைப் படிச்சேன். இவளை விட மனசு வரல.”

பன்னீர்செல்வம் முகத்தை ஒரு கையால் துடைத்துக்கொண்டார். “அதனாலதான் வேணாங்கறேன் மேடம். அது எந்தக் காசுன்னு எனக்குத் தெரியாதா? அதுல எம் பொண்ணு படிச்சா நான் மனுஷனா?”

ஹர்ஷினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயமணிக்கு ஏதோ புரிய ஆரம்பித்திருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“அன்னிக்குக் கோர்ட்லயும் இப்படித்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்க. உங்க மேல தப்பு இல்ல, பஸ்ஸைப் பிடிக்கற அவசரத்துல லாரியைப் பார்க்காம குறுக்கே ஓடினது அவன்தான்னு உங்ககிட்ட சொல்லணும்னு இத்தனை வருஷமா நினைச்சிருக்கேன்,” என்றார் பத்மா மேடம். “எங்க பையன் ஆதித்யா உயிருக்கு ஈடா உங்க லாரி கம்பெனி கட்டின பணத்தை நாங்க தொடவே இல்ல. அவன் இருந்திருந்தா, இந்த வருஷம் காலேஜுக்குப் போயிருப்பான்.”