சாகாத செல்கள்

ராஜ்கமல் மேடையில் பேசப் பேச, கடைசி வரிசையில் இருந்த புஷ்பவள்ளிக்குக் காது மடல் வரை கொதித்தது.

கடலூரில் இதே கல்லூரியின் ஆய்வகத்தில் பதினேழு வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவியவள் அவள்.

இன்று ராஜ்கமலுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். சிதம்பரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

போன வருஷம் அவன் வளர்த்த செல்களின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டான். செத்திருக்க வேண்டும். சாகவில்லை. எத்தனை முறை விட்டும் சாகவில்லை.

ஆறு மாசமாக என்ன கிழித்தாய் என்று துறைத் தலைவர் கேட்டபோது, பெராக்சைடு பாட்டிலை மூடாமல் வெளிச்சத்தில் வைத்துக் கெடுத்தது புஷ்பவள்ளிதான் என்று எழுதிக் கொடுத்தான். அதுவரை வாய்க்கு வாய் அக்கா என்று கூப்பிட்டவன்.

அவள் சத்தியம் செய்து பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. வேலை போயிற்று. இப்போது அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் படிக்கட்டு பெருக்குகிறாள்.

திரையில் கொட்டை எழுத்தில் பைருவேட் என்று வந்தது.

செல்களை வளர்க்கும் திரவத்திலேயே அது கலந்திருந்ததாம். பெராக்சைடு செல்லைத் தொட்டுக் கெடுப்பதற்குள் பைருவேட் முந்திக்கொண்டு அதைத் தண்ணீராக்கிவிடுமாம். அந்தத் திரவத்தைப் பார்த்து வாங்கியவன் ராஜ்கமல்தான். சாகாத அந்தச் செல்கள்தான் இந்த ஆய்வுக்கே வழி காட்டின என்று அவன் முடித்தான்.

கைதட்டினார்கள்.

தன் சோற்றில் மண்ணைப் போட்ட செல்கள் இவனுக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுப்பதா? புஷ்பவள்ளி பல்லைக் கடித்தாள்.

வேண்டுமென்றா செய்திருப்பான், விட்டுத்தொலை என்று காலையில்கூடப் புருஷன் சொல்லித்தான் அனுப்பினான். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று இத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும்.

பார்வையாளர்கள் கேட்கலாம் என்றதும் எழுந்தாள்.

"பாட்டில் மேல தப்பில்லன்னு உனக்கு எப்ப தெரிஞ்சுது தம்பி?"

குரலை வைத்தே ராஜ்கமல் அவளைக் கண்டுகொண்டான். மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். தேதி ஞாபகமில்லை என்று முனகினான்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்கு அவள் யாரென்று தெரியாது. நல்ல கேள்வி என்று சொல்லி ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். பெராக்சைடைச் சோதித்தேன், வீரியம் குறையவில்லை என்று ராஜ்கமல் தன் கைப்பட எழுதிய ஆய்வகக் குறிப்பின் நகல் அங்கே இருந்தது. தேதியை அவரே உரக்க வாசித்தார். போன வருஷம் பிப்ரவரி பதினொன்று.

புஷ்பவள்ளி மாதங்களை விரல் விட்டு எண்ணினாள்.

எந்தத் துறையிலிருந்து வருகிறீர்கள் என்று தேர்வாளர் மரியாதையாகக் கேட்டார்.

"இதே டிபார்ட்மெண்ட்தான் சார். போன வருஷம் ஏப்ரல் நாலாந்தேதி இந்தத் தம்பி எம்மேல எழுதிக் குடுக்குற வரைக்கும்."