ஒற்றைச் சில்லு சைக்கிளுக்கு ஒரு வரிசை

மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை என் விண்ணப்பத்தைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

கிராம விதானையாரின் கடிதம், குடும்ப அட்டையின் போட்டோக்கொப்பி, ஆசுபத்திரித் துண்டு என்று எல்லாம் இருந்தன. அப்படியிருந்தும் அவள் சீல் குத்தவில்லை. இது எதற்கு ஐயா என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. சைக்கிள் கொடுக்கிறவர்களுக்கே இது எதற்கென்று தெரியாதா?

கிளிநொச்சி மைதான வாசலில் துணியில் பெரிதாய் எழுதிக் கட்டியிருந்தார்கள். ஒற்றைச் சில்லு சைக்கிள் விழா, 2004. கீழே ஒரே சக்கரத்தோடு ஒரு சைக்கிள் படம்.

எங்கள் பக்கத்தில் விழா என்று எதைச் சொன்னாலும் கடைசியில் ஏதாவது கொடுப்பார்கள். சண்டை நின்று பாதை திறந்த இந்த இரண்டு வருடத்தில் கூரைத் தறப்பாளுக்கு ஒரு விழா, மண்வெட்டிக்கு ஒரு விழா, கோழிக்குஞ்சுக்கு ஒரு விழா என்று எல்லாம் நடந்தாயிற்று. கேள்வி கேட்காமல் போட்டோக்கொப்பியோடு போய் வரிசையில் நிற்பதுதான் வழக்கம்.

ஒற்றைச் சில்லு சைக்கிள் என்றால் ஒற்றைக் காலருக்குத்தானே. இரண்டு காலுக்கு இரண்டு சில்லு, ஒரு காலுக்கு ஒரு சில்லு. என் மனைவி அன்னபாக்கியம் செய்தி கொண்டுவந்தபோது எனக்கு அந்தக் கணக்குச் சரியாகத்தான் பட்டது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மற்றச் சில்லு எங்கே என்று நானும் கேட்கவில்லை.

வயல் துப்புரவாக்கப் போன இடத்தில் மிதிவெடியில் கால் போனது. அதன்பிறகு ஒன்றரை வருடம் நான் வாசல் படலையைத் தாண்டவில்லை.

சனம் முதலில் காலைப் பார்க்கும், பிறகு முகத்தைப் பார்க்கும், பிறகு கதையை மாற்றும். எனக்கு வெட்கமாயிருந்தது. வட்டக்கச்சியிலிருந்து இரண்டு மூட்டை நெல்லைச் சைக்கிளில் கட்டி மில்லுக்கு உழக்கினவன் நான். இனிச் சைக்கிளில் ஏறினால்தான் வெளியே வருவேன், அதுவரை ஒருவரும் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று அன்னபாக்கியத்திடம் சொல்லிவிட்டேன்.

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரரின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஆசையோடு ஏறினேன்.

மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தச் சைக்கிளை ஓடிக்கொண்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்களாம். இரண்டு வெள்ளைக்காரரும் நின்றார்கள். சைக்கிளில் ஹாண்டில் இல்லை, பிரேக் இல்லை, கரியர் இல்லை. ஏறினவர்கள் எல்லாருக்கும் இரண்டு கால் இருந்தது.

அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். கொடுக்க முதல் ஓடிச் சோதிக்கிறார்களாக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒருவர் விழுந்தார். சனம் கைதட்டியது. விழுந்தவர் எழும்பிச் சிரித்தார். விழுகிறவருக்கு ஏன் கைதட்டுகிறார்கள் என்பதும் பிடிபடவில்லை.

எனக்குப் பின்னால் பதின்மூன்று பேர் நின்றார்கள். சிலருக்கு ஊன்றுகோல், சிலருக்குப் பொய்க்கால், எல்லார் கையிலும் போட்டோக்கொப்பி. எல்லாரும் என்னைப்போலவே நெடுநாள் வீட்டுக்குள் கிடந்தவர்கள். நேர் பின்னால் நின்ற விசுவமடுப் பொன்னையா, கரியர் தனியாகத் தருவார்களா என்று அரை மணித்தியாலமாய் என்னைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தார். கூட வந்த எங்கள் வீட்டுப் பெண்கள், அன்னபாக்கியமும்தான், தள்ளி வேலியோரம் நின்றார்கள்.

பிள்ளை எழும்பி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னாள். இது ஓடிக் காட்டுகிற விழா மட்டும்தான். ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கப் போவதில்லை. ஒரு காலால் இதை ஓடவும் ஏலாது.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவள் மீது, பிறகு அன்னபாக்கியம் மீது. எதையோ அரைகுறையாய்க் கேட்டுவிட்டு வந்து, இத்தனை சனத்துக்கு முன்னால் என்னைக் கோமாளியாய் நிறுத்திவிட்டாளே. அழுகையும் வரப் பார்த்தது.

மனைவிதான் பிழையாய் விளங்கிவிட்டாள் என்று சொன்னேன். அவள் பேரையும் சொன்னேன்.

அந்தப் பேரைக் கேட்டதும் பிள்ளைக்கு என்னைவிடக் குழப்பமாகிவிட்டது.

"அன்னபாக்கியம் அன்ரியோ? ஒண்டும் குடுக்கமாட்டம் எண்டு அவாவுக்கு நான் போன கிழமையே வடிவாச் சொன்னனான், ஐயா. அவா தனிய வரேல்ல, பதினாலு பேர் ஒண்டா வந்தவை. நிழலில கதிரை போடுவியளோ எண்டு மட்டுந்தான் கேட்டவை."

அவள் கை காட்டிய பக்கம் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் கீழே, சைக்கிள் ஓட்டம் வடிவாய்த் தெரிகிற இடத்தில், பதினான்கு பிளாஸ்டிக் கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன.

வேலிப் பக்கம் திரும்பினேன். பதினான்கு பெண்களும் அந்த ஓட்டத்தை அவ்வளவு கவனமாய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. அன்னபாக்கியத்தின் கை மட்டும் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

பொன்னையா என் தோளில் தட்டி, என்னவாம் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு முகங்கள் என்னையே பார்த்தன.

விண்ணப்பத்தை நாலாய் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தேன்.

"பேர் கூப்பிடக் கொஞ்சம் சுணங்குமாம் அண்ணை," என்றேன். "அதுவரைக்கும் நிழலில இருந்து பாக்கட்டாம்."