கரடிக்கு ஒரு கொப்பு

"போன வருஷம்னா இதுக்குப் பேரு வேட்டை. இந்த வருஷம் கொலையாம்" என்றார் சிரில், செத்துக் கிடந்த கரடியைச் சுற்றி வந்தபடி.

கோச்செவ்யே காட்டில் கரடி சுட ஏப்ரல் முடியும்வரை அனுமதி இருந்தது. இந்த வருஷம் தலைநகரத்திலிருந்து புது உத்தரவு: மார்ச்சோடு சரி. இன்றைக்குத் தேதி ஏப்ரல் இருபது. விறகு வெட்டப் போனவர்கள் காலையில் கரடியைப் பார்த்துவிட்டுத் தகவல் சொல்ல, பத்து மணிக்கெல்லாம் பெண் இன்ஸ்பெக்டர் ஸ்டென்கா வந்துவிட்டார். உத்தரவை எழுதிய மினிஸ்ட்ரி அதிகாரி டாமியானும் கூட வந்தார். தன் உத்தரவு எப்படி நடக்கிறது என்று பார்க்க மூன்று நாளாக அவர் இதே ஊரில்தான் தங்கியிருந்தார்.

விழுந்த மிருகத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றுவது வேட்டைச் சங்கத்து வழக்கம். சங்கத்திலிருந்து வந்திருந்த ஆறு பேரில் ஐந்து பேர் கழற்றினார்கள். சிரில் கழற்றவில்லை.

"என்ன பெரியவரே, உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றார் டாமியான்.

"கரடிக்குக் கழட்டுவேன் சார். நீங்க பக்கத்துல நிக்கறீங்களே. மினிஸ்ட்ரிக்குக் கழட்டினேன்னு நாளைக்கு ஊரு பேசும்."

ஐந்து பேரும் சிரித்தார்கள். டாமியானின் காது சிவந்தது.

ஸ்டென்கா சிரிக்கவில்லை. சிரிலின் மூன்று ஆடுகளை இந்தக் கரடிதான் தின்றது. அரசாங்கம் கரடிக்கு விருந்து வைக்கிறது என்று போன வாரச் சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கத்தியவரும் சிரில்தான். நேற்றுச் சாயங்காலம் பாய்ந்த குண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டதால், எந்தத் துப்பாக்கி என்று சொல்ல வழியில்லை. சிரிலின் துப்பாக்கியை ஸ்டென்கா ஏற்கெனவே வாங்கித் தன் காரில் வைத்திருந்தார். குற்றம் உறுதியானால் அது திரும்பாது, ஜெயிலும் உண்டு. அறுபத்தெட்டு வயதில் சிரிலுக்கு அந்தத் துப்பாக்கியை விட்டால் வேறு பெருமை கிடையாது.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"வீட்ல. தனியா. அதை விடுங்கம்மா. உங்கப்பாவும் வேட்டைக்காரர்தானே? கரடியோட வாயைத் திறந்து பாருங்க."

ஸ்டென்கா கையுறை மாட்டிக்கொண்டு திறந்தார். பல்லும் நாக்கும் தவிர ஒன்றுமில்லை.

"கொப்பு இல்ல, பாத்தீங்களா? எங்க ஆளு சுட்டா, மரத்துல ஒரு சின்னக் கொப்பை ஒடிச்சு ரெண்டாக்குவான். ஒரு பாதி மிருகத்தோட வாயில, அதுக்குக் கடைசிக் கவளம். மறுபாதியை ரத்தத்துல தொட்டுத் தன் தொப்பியில செருகிக்குவான். எங்கள்ல முழுக் குடிகாரன்கூட இதை மறக்கமாட்டான். இதைச் செஞ்சவன் வேட்டைக்காரன் இல்ல. ஆபீஸ்ல உக்காந்து தேதி போடற எவனோ ஒருத்தன்."

"அபாண்டமா பேசாதீங்க" என்றார் டாமியான்.

சங்கத்தின் செயலாளர் போகோமிர் மெல்லக் கேட்டார். "உங்க காருல துப்பாக்கி இருக்கில்ல சார்?"

"இருக்கு. லைசென்ஸ் இருக்கு."

"நேத்து சாயங்காலம்?"

"காட்டைப் பாக்கப் போனேன். சும்மாதான்..." டாமியானுக்கு நாக்கு குழறியது.

"மினிஸ்ட்ரி துப்பாக்கியோட சும்மா காட்டைப் பாக்கப் போச்சாம்" என்றார் சிரில்.

ஸ்டென்கா யோசித்தார். அவருடைய அப்பா ஒரு முயலுக்குக்கூடக் கொப்பு வைக்காமல் வந்ததில்லை. டாமியானைத் தன் காரில் ஏறி உட்காரச் சொன்னார். காரின் முன்மூடிமேல் தாளை வைத்து, 'சங்கத்தார்மீது சந்தேகமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கியை எடுத்து சிரிலிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க பெரியவரே. முதல்ல உங்களைத்தான் நெனச்சேன்."

சிரிலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மினிஸ்ட்ரியைக் காரில் ஏற்றியாகிவிட்டது. இனி யாரிடம் வீம்பு? ஒரு பெண் மரியாதையாகப் பேசினால் தொப்பியைத் தூக்கிப் பதில் சொல்வது அந்த ஊர் ஆண்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"பரவால்லம்மா" என்று தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

உள்ளேயிருந்து, முனையில் ரத்தம் காய்ந்த அரைக் கொப்பு ஒன்று ஸ்டென்காவின் கையெழுத்துமேல் விழுந்தது.