மேசைக்கு அடியில்

ஜன்னல் வழியே வரும் மழைக்கால வெளிச்சம் கலங்கிய தண்ணீர்போல் தரையில் தேங்கி நிற்கிறது. மகள் இறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாகிவிட்ட நாய், கிண்ணத்தின் முன் படுத்திருக்கிறது. இப்படியே போனால் தாங்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னபடியே, பஸ் ஓட்டுநரான அப்பா தினமும் வைக்கும் சோற்றில் வேகவைத்த கேரட்டும் பூசணியும் கலந்து வைத்திருக்கிறார். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

"புது மாப்பிள்ளை மாதிரி பிகு பண்ணாதடா. சாப்பிடு."

"கெஞ்சினது போதுங்க. நீங்களாவது சாப்பிட உட்காருங்க," என்கிறாள் அடுப்படியிலிருந்து மனைவி.

கிண்ணத்திலிருந்து எடுத்து நீட்டிய கேரட் துண்டோடு, அவர் ஏதோ நினைப்பில் சாப்பாட்டு மேசையில் மகளின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். கை தானாக மேசைக்கு அடியில் தொங்குகிறது. நாய் எழுந்து, தடுமாறி, பழகிய இடத்துக்கு வருவதுபோல் நேராக அங்கே வருகிறது. ஈர மூக்கு விரலில் படுகிறது. துண்டைக் காணோம். அடுத்ததற்கு அவர் முழங்காலில் மோவாயை வைத்துக் காத்திருக்கிறது.

"இங்க வந்து பாரேன்." கையை எடுக்காமலே மனைவியைக் கூப்பிடுகிறார்.

மனைவி ஈரக் கையோடு குனிந்து பார்க்கிறாள்.

"தினமும் அவ தட்டு காலியா இருக்கும். கேரட்டுன்னா அவளுக்கு உயிருன்னு நெனச்சிட்டு இருந்தேனே. திருட்டுக் கழுதை."

இருவருக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகின்றன. போகுமுன் குழந்தை இப்படியொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறாளே, ஆண்டவா, என்று அவர் மனம் கும்பிடுகிறது. மனைவி கிண்ணத்தை எடுத்து மேசைமேல் வைக்கிறாள். மேசைக்கு அடியில் பார்த்து, மகளிடம் தினமும் கேட்ட அதே குரலில் கேட்கிறாள்:

"இன்னும் ரெண்டு துண்டு வைக்கவா?"