சோபா வேண்டாத வீடு

"சாமானெல்லாம் இன்னும் வந்து சேரலியா அம்மிணி?"

என் கணவரின் பெரியம்மா ஜானகியம்மாள் எங்கள் புது வீட்டின் கூடத்தில் நின்று இப்படிக் கேட்டபோது, சாமானெல்லாம் அவர் கண் முன்னால்தான் இருந்தது.

சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. சில்வர் ஓக் மரம். கீழே கால் கிடையாது, சுவருக்குள் இறங்கியிருக்கும் இரும்புதான் தாங்குகிறது. எதிர்ச் சுவரில் மடக்கி வைக்கிற மேசை. மற்றதெல்லாம் வெறும் தரை.

வரைந்தது நான். இழைத்துக் கொடுத்தது குன்னூர் வாஜித் பாய். எங்கள் இரண்டு பேருக்கும் பெருமைதான். அதை யாரிடம் சொல்வது?

பால் பொங்கியதும் சொந்தங்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். சுற்றிப் பார்ப்பதென்றால் எங்கள் சொந்தத்தில் குறை கண்டுபிடிப்பது என்று அர்த்தம்.

அடுப்பு மேடை தொடை உயரத்தில் இருக்கிறதாம். சுவிட்ச் போடக் குனிய வேண்டியிருக்கிறதாம். பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடும் வீடு மாதிரி இருக்கிறதாம்.

ஜானகியம்மாள் மஞ்சள் கிண்ணத்தோடு வாசலில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க நிலைப்படியே இல்லை. வாசலும் கூடமும் ஒரே மட்டம்.

"நெலப்படி இல்லாம யாராச்சும் ஊடு கட்டுவாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வெறும் தரையில் பூசினார்.

நான் சிரித்த முகமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் நவநீதன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்த விசேஷத்திலும் அவரைத் தேட மாட்டார்கள். பேச்சு வந்தால் 'பாவம்' என்பார்கள். அதோடு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் பிக்கப் வண்டி வந்து நின்றது.

தார்ப்பாயை அவிழ்த்தார்கள். உள்ளே அரக்குச் சிவப்பில் ஒரு சோபா செட். கைப்பிடி ஒவ்வொன்றிலும் சிங்க முகம். நடுவில் வைக்க, கண்ணாடி போட்ட ஒரு டீப்பாய் வேறு. என் கணவரின் தாய்மாமன் காளிமுத்து மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்த சீர்.

மாமியார் இல்லாத வீட்டில் முன்னால் நின்று எங்கள் கல்யாணத்தை நடத்தியவர் அவர். தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்பினால் உறவு அன்றோடு அறுந்தது.

சோபா உள்ளே வந்தால் என் வீடு போச்சு. வராவிட்டால் மாமா போச்சு.

வாசலில் இடிக்கும், நுழையாது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. வாசலை அத்தனை அகலமாக வைத்தவளே நான்தான்.

ஆட்கள் சோபாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் போய் வாசலில் குறுக்கே நின்றேன்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. இது உள்ள வர வேண்டாமுங்க."

எங்கள் ஊர் கேத்தியில் அன்றைக்குக் குளிர் அதிகம். ஆனாலும் மாமாவின் நெற்றி வியர்த்தது.

"என்ற சீரு உனக்குக் கேவலமாப் போச்சா?"

  நான் நகரவில்லை.

பின்னால் அடுப்படிப் பக்கம் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் இறுகியிருந்த முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

அடுப்படியிலிருந்து கூடத்தின் குறுக்கே என் கணவர் வந்துகொண்டிருந்தார்.

மடியில் தட்டு, தட்டு நிறைய டீ. இரண்டு கைகளும் சக்கரங்களின் மேல். யாரும் தள்ளவில்லை, தூக்கவில்லை. நாற்காலி எதிலும் இடிக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, ஒரு வளைவில் திரும்பி வாசலுக்கு வந்தார்.

எஸ்டேட் சாலையில் ஜீப் கவிழ்ந்ததிலிருந்து, பழைய வீட்டில் அவர் கட்டிலைவிட்டு வாசலுக்கு வர இரண்டு பேர் தூக்க வேண்டும். அதில் ஒருவர் எப்போதும் காளிமுத்து மாமாதான்.

"டீ எடுத்துக்குங்க மாமா. நான் போட்டதுங்க."

மாமா டம்ளரை வாங்கிக்கொண்டார். வெறும் தரையைப் பார்த்தார். அடுப்படி வரைக்கும் பார்த்தார். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"திருப்பி வண்டில ஏத்துங்கப்பா. வேற என்ன வேணும்னு எம் மருமவன் சொல்லுவான்."

ஜெயித்துவிட்டேன். வரைந்து வரைந்து அழித்த நாற்காலிகளும் ஸ்டூல்களும் அலமாரிகளும் எத்தனையோ. அத்தனைக்கும் அந்த நிமிடத்தில் எனக்குக் கணக்குத் தீர்ந்தது. 

ஜானகியம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏண்டா நவநீதா, டீயாடா இது? சக்கரை எங்கடா?"

அந்த விபத்துக்குப் பிறகு என் கணவரை ஒருவர் அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நாற்காலியை ஒரே வீச்சில் திருப்பி, சர்க்கரை எடுக்கப் போனார்.

உதவுகிறேன் என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை.